குறுக்குக்கட்டு

'குளிக்க மறுக்கிறார். ஒத்துழைப்பதில்லை. பணியாளரைத் தாக்க முற்பட்டார்.'

ஒரு மூதாட்டியின் பராமரிப்புக் குறிப்பேட்டில் மூன்று வாரங்களாகத் திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருந்த வாக்கியங்கள் இவை. எழுதியவர்கள் வேறு வேறு ஆட்கள். வாக்கியங்கள் மட்டும் மாறவில்லை. 2017ஆம் ஆண்டின் குளிர்காலத்தில், சிட்னியின் மேற்குப் புறநகர் ஒன்றிலுள்ள முதியோர் இல்லத்தில் அந்த ஏட்டை என் கையில் தந்தார்கள். மூதாட்டி தமிழர், எனக்கும் தமிழ் தெரியும். வேறு காரணம் எதுவும் இல்லை.

என்னைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்தில் தமிழ் இலக்கியம் கற்று முதுகலைப் பட்டம் பெற்றவள். புலம்பெயர்ந்து வந்த நாட்டில் தொல்காப்பியத்துக்கு வேலைவாய்ப்பு இல்லை என்பதை வந்த முதல் மாதத்திலேயே அறிந்துகொண்டேன். முதியோர் பராமரிப்பில் சான்றிதழ் ஒன்றைப் பெற்று, நான்காண்டுகள் ஓர் இல்லத்தில் வேலை பார்த்தேன். குளிப்பாட்டினேன், உடை மாற்றினேன், உணவூட்டினேன். பின்னர் பயிற்றுநருக்கான தகுதியையும் பெற்று, அதே படிப்பைக் கற்பிக்கும் தொழிற்கல்லூரி ஒன்றில் விரிவுரையாளரானேன். அகதிகளாக வந்து முதுமையடைந்தவர்களை எவ்வாறு பராமரிப்பது என்னும் பகுதி என் பொறுப்பில் விடப்பட்டது. நானும் போரிலிருந்து வந்தவள் என்பதால் அதற்குரிய தகுதி எனக்கு இயல்பாகவே உண்டு என்று கல்லூரி கருதியது. வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்: நானும் அப்படித்தான் கருதியிருந்தேன்.

*

அவுஸ்திரேலியாவின் முதியோர் இல்லமொன்றின் நடைக்கூடத்தில் ஒரு முறை நடந்து வந்தால் கடந்த நூற்றாண்டின் போர்கள் பலவற்றைக் கடந்து வந்துவிடலாம். இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1947 முதல் 1950களின் தொடக்கம் வரை, ஐரோப்பாவின் இடம்பெயர்ந்தோர் முகாம்களிலிருந்து ஏறத்தாழ 1,70,000 பேர் இங்கே வந்தனர். அவர்களுட் பலர் முதலில் தங்கவைக்கப்பட்டது விக்டோரியா மாநிலத்தின் பொனெகில்லா முகாமில். 1956க்குப் பின் ஹங்கேரியர், 1973க்குப் பின் சிலி நாட்டவர், 1975க்குப் பின் வியட்நாமியர், 1983க்குப் பின் நாங்கள், 1990களில் பொஸ்னியர் என்று ஒவ்வோர் அலையும் வந்து, உழைத்து, வீடு வாங்கி, பிள்ளைகளைப் படிக்கவைத்து, இப்போது முறைவைத்து முதுமையடைந்துகொண்டிருக்கிறது.

உழைக்கும் வயதில் மனிதர்கள் பலவற்றையும் மூடிவைத்துக்கொண்டு வாழ்ந்துவிடுகிறார்கள். காலை ஐந்து மணிக்குத் தொழிற்சாலைக்குப் போக வேண்டியவனுக்கு நினைவுகூர நேரமில்லை. ஓய்வும் நோயும் துணையின் மரணமும் வரும்போது மூடி தளர்கிறது. முதுமை மறதி நோய் கண்டவர்களுக்கு நேற்று அழிந்து, அறுபதாண்டுக்கு முந்திய நாள் பக்கத்தில் வந்து நிற்கிறது. பிற்காலத்தில் கற்ற ஆங்கிலம் முதலில் உதிர, தாய்மொழி மட்டும் எஞ்சுவதும் உண்டு. நான் பணிபுரிந்த இல்லத்தில், நாற்பதாண்டுக் காலம் ஆங்கிலத்தில் கடை நடத்திய ஐரோப்பியர் ஒருவர், கடைசி ஓராண்டில் ஓர் ஆங்கிலச் சொல்லும் பேசவில்லை. அவர் பேசிய மொழி அந்த இல்லத்தில் ஒருவருக்கும் தெரியாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நல்ல நோக்கத்தோடு நடத்தப்படும் இல்லங்கூட, தன்னையறியாமல் ஒரு முகாமைப் போலவோ சிறையைப் போலவோ தோற்றங்கொள்கிறது. சீருடை அணிந்தவர்கள், சாப்பாட்டுக்கு வரிசை, இரவில் முகத்தில் விழும் கைவிளக்கின் ஒளி, எண் பூட்டுப் போட்ட வாயிற்கதவு, முன்பின் அறியாதவர் வந்து ஆடையைக் களைவது. நாஜி முகாம்களிலிருந்து மீண்டவர்களுக்குக் கூரையிலிருந்து நீர் கொட்டும் ஷவர் அறை எதை நினைவூட்டும் என்பதை எண்ணிப் பாருங்கள். எங்கள் ஆட்களுக்கு ஹெலிகொப்டர். புத்தாண்டு இரவில் உலகமே தொலைக்காட்சியில் பார்த்து மகிழும் சிட்னி வாணவேடிக்கை, மேற்குப் புறநகரின் எத்தனையோ அறைகளில் கட்டிலுக்கடியில் கழிகிறது.

இவ்வளவுக்கும் மாணவர்களுக்கு அப்போது நாங்கள் வழங்கியது என்ன? படிப்பின் நிறைவில் 120 மணி நேர நேரடிப் பயிற்சி. அதற்கு முன் 'பண்பாட்டு அறிமுகம்' என்றொரு நாள். அந்த நாளில் ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு தாள். 'தமிழர்: பெரும்பாலும் இந்துக்கள், மரக்கறி உணவு, கைகூப்பி வணங்குவர்.' நான் குறிப்பிட்ட மூதாட்டியின் கட்டிலருகே இந்தத் தாளை ஒட்டி, நாள்தோறும் பருப்பும் உருளைக்கிழங்கும் கொடுத்து வந்தார்கள். அவரோ கரையோரக் கிராமமொன்றிலிருந்து வந்த கத்தோலிக்கர். வாழ்நாளில் மீன் இல்லாமல் சோறு உண்ட நாட்கள் பெரிய வெள்ளியும் இடம்பெயர்ந்த காலங்களும் மட்டுமே என்று பின்னொரு நாள் என்னிடம் சொன்னார்.

*

இப்போது என் தவறுக்கு வருகிறேன்.

பயிற்சிக்கு வந்திருந்த மாணவர்கள் அறுவர். தாளில் படிப்பதைவிட ஒரு வாழ்க்கையைக் கேட்பது அவர்களுக்குப் பயன்தரும் என்று எண்ணினேன். இலக்கியம் படித்தவளல்லவா? கதையில்தான் மனிதர் விளங்குவர் என்பது எங்கள் நம்பிக்கை. மூதாட்டியின் மகளிடம் அனுமதி பெற்றேன். மகள் தாயருகே அமர்ந்தார். மாணவர்கள் சுற்றி அமர்ந்தார்கள். மூதாட்டி சொல்வதை நான் ஆங்கிலத்தில் பெயர்ப்பதாக ஏற்பாடு. மூதாட்டியிடமும் கேட்டோம், தலையசைத்தார். அந்தத் தலையசைப்பு மறுக்கத் தெரியாதவரின் தலையசைப்பா என்று நான் யோசிக்கவில்லை.

"அம்மா, வன்னியில உங்களுக்கு என்ன நடந்தது?" என்று கேட்டேன்.

அவர் நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார். 2009ஆம் ஆண்டின் முதல் ஐந்து மாதங்களையும் அதன் பின்னரான நாட்களையும் சொன்னார். அவர் சொன்னதை இங்கே எழுதப்போவதில்லை. அது என்னுடையதன்று. அன்றைக்கும் என்னுடையதாக இருக்கவில்லை.

பாதி வழியில் மகளின் முகத்தைப் பார்த்தேன். அப்போதுதான் விளங்கியது. மகள் அதற்கு முன்னரே இந்நாட்டுக்கு வந்துவிட்டவர். தாய் வந்துசேர்ந்த பின் எத்தனையோ ஆண்டுகள் ஒரே வீட்டில் இருந்தும் இதில் ஒரு சொல்லையும் அவர் கேட்டதில்லை. முதல் தடவையாக, முன்பின் தெரியாத ஆறு பேருக்கு நடுவில், என் ஆங்கில மொழிபெயர்ப்போடு சேர்த்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அன்றிரவு மூதாட்டி உறங்கவில்லை. அடுத்து வந்த மூன்று நாட்கள் சரியாக உண்ணவும் இல்லை. கட்டிலில் படுக்க மறுத்து, கதவைப் பார்த்தபடி நாற்காலியில் அமர்ந்திருந்தார் என்று குறிப்பேட்டில் எழுதியிருந்தது. ஞாயிறு தவறாமல் வரும் மகள் மூன்று ஞாயிறுகள் வரவில்லை. தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டேன். அவர் சினந்து பேசவில்லை.

"ரீச்சர், அம்மா அதை எனக்காகத்தான் சொல்லாமல் வைச்சிருந்தவ" என்றார். அவ்வளவுதான்.

யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் பணியாற்றிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம் 1998இல் 'ஸ்கார்ட் மைண்ட்ஸ்' என்னும் ஆங்கில நூலை வெளியிட்டார். அதிலும் பின்னர் எழுதியவற்றிலும் அவர் வற்புறுத்திய செய்திகளுள் ஒன்று, எங்களைப் போன்ற சமூகங்களில் மனவடு தனியொருவருக்குள் மட்டும் இருப்பதில்லை, குடும்பமும் ஊரும் சேர்ந்தே காயமுறுகின்றன என்பது. அவர் எழுத்துகளை நான் படித்திருக்கிறேன். வகுப்பில் மேற்கோளும் காட்டியிருக்கிறேன். ஒரு தாயின் மௌனம் ஒரு குடும்பத்தைத் தாங்கி நிற்கும் தூணாகவும் இருக்கலாம் என்பதை மட்டும், தூணை அசைத்துப் பார்த்த பிறகுதான் உணர்ந்தேன்.

*

அந்த அறுவரில் ஒருத்தி நேபாளி பேசுபவள். பூட்டானிலிருந்து 1990களின் தொடக்கத்தில் வெளியேற்றப்பட்ட குடும்பம். நேபாளத்தின் ஜாபா மாவட்டத்திலுள்ள பெல்டாங்கி அகதி முகாமில் வளர்ந்தவள். அந்த முகாம்களிலிருந்து வேறு நாடுகளில் குடியமர்த்தும் திட்டம் 2007இன் இறுதியில் தொடங்கிய பின் இங்கே வந்தவர்களில் அவளும் ஒருத்தி. வகுப்பில் அதிகம் பேசமாட்டாள். எழுத்துத் தேர்வுகளில் தட்டுத்தடுமாறித் தேறுவாள். அன்றைய அமர்வில் பாதியிலேயே எழுந்து வெளியே போனவளும் அவளே. எனக்கு அது அக்கறையின்மையாகப் பட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நான்காம் நாள் குறிப்பேட்டில் அவள் கையெழுத்தில் ஒரு வரி இருந்தது: 'குளித்தார்.'

எப்படி என்று கேட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னாள். முகாமில் பொதுக் குழாயடியில்தான் எல்லோரும் குளிப்பார்கள். அவளுடைய பாட்டி ஒரு துணியை மார்புக்கு மேலே முடிந்துகொண்டு, அந்தத் துணியோடுதான் நீரூற்றிக்கொள்வாராம். ஆடை முழுதும் களைந்து ஒரு பெண் குளிப்பதை அவள் இந்த நாட்டுக்கு வரும்வரை கண்டதே இல்லை. "இந்த ஆமாவும் அப்படித்தான் இருப்பார் என்று நினைத்தேன். என் அம்மாவின் பழைய துணியொன்றைக் கொண்டுவந்து கையில் கொடுத்தேன். தானே கட்டிக்கொண்டார்."

குறுக்குக்கட்டு! எங்கள் ஊரில் அதற்குப் பெயரே இருக்கிறது. என் அம்மம்மா, அம்மா, நான் என்று மூன்று தலைமுறையும் கிணற்றடியில் பாவாடையைக் குறுக்குக்கட்டாகக் கட்டி, வாளியால் அள்ளி வார்த்துக் குளித்தவர்கள். நான்காண்டுகள் முதியவர்களைக் குளிப்பாட்டியவள் நான். நான்காண்டுகள் இதைக் கற்பித்தவளும் நான். அந்த ஏட்டைக் கையில் வைத்துக்கொண்டு பெருந்துயரம் ஒன்றைத் தேடிப்போன எனக்கு, ஒரு துணி நினைவுக்கு வரவில்லை.

அவள் செய்தது அது மட்டுமன்று. அறையை முன்கூட்டியே சூடாக்கி வைத்தாள். குளியல் நாற்காலியைக் கதவு தெரியும்படி திருப்பிப் போட்டாள். கூரையோடு பொருத்திய ஷவரை மூடிவிட்டு, ஒரு வாளியில் வெந்நீர் பிடித்துக் குவளையை மூதாட்டியின் கையில் கொடுத்தாள். முதுகு தேய்க்க மட்டும் உதவினாள், அதுவும் முன்னால் வந்து நின்று, தன் கையைக் காட்டி, அவர் தலையசைத்த பின்னரே. ஈரத்துணியின் மேலேயே உலர்ந்த துணியைக் கட்டச் செய்து ஈரத்தைக் கீழே நழுவவிட்டார்கள். எங்கள் பெண்கள் அனைவருக்கும் தெரிந்த வித்தை. நேபாளியில் 'ஆமா' என்றால் அம்மா. எங்கள் ஊரில் ஒப்புதலுக்கு 'ஓம்' என்போம். 'ஆமா' இந்தியத் திரைப்படங்களில் கேட்ட சொல். இந்தப் பிள்ளை எதற்கெடுத்தாலும் தனக்கு 'ஆமா' போடுகிறது என்று மூதாட்டி மகிழ்ந்துபோனாராம்.

அமர்விலிருந்து ஏன் எழுந்து போனாய் என்றும் கேட்டேன். "கேட்கக் கூடாததைக் கேட்கிறீர்கள் என்று தோன்றியது. ஆனால் நீங்கள் ஆசிரியர்" என்றாள்.

*

தவறு அத்தோடு முடிந்திருந்தால் நன்று. அடுத்த வாரம் வேறொரு பணியாளர், நல்ல மனம் படைத்தவர், மூதாட்டியின் அறைக்குள் புன்னகையோடு நுழைந்து, "அம்மா, சோதனை" என்றதைக் கதவருகில் நின்று கேட்டேன். படுக்கைப் புண் வந்திருக்கிறதா என்று வாரந்தோறும் உடல் முழுவதும் தோலைப் பார்ப்பது விதி. அதைத் தமிழில் அறிவிக்க ஓர் அட்டை இருந்தது. தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதிய அந்த அட்டைகளை ஓராண்டுக்கு முன் தயாரித்துக் கொடுத்தவள் நான். 'பரிசோதனை' அவர்கள் வாயில் நுழையவில்லை என்பதால் 'சோதனை' என்று சுருக்கியவளும் நான்.

சோதனைச் சாவடிகளுக்கிடையில் வளர்ந்தவர்களுக்கு அந்தச் சொல் என்ன பொருள் தரும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு ஆடையில் கைவைப்பவரை ஒரு பெண் தள்ளிவிட்டால், அதற்குத் 'தாக்க முற்பட்டார்' என்று பெயர். அட்டையைக் கிழித்துவிட்டு, 'பார்க்கலாமா?' என்று புதிதாக எழுதிக் கொடுத்தேன். அது கேள்வி. கேள்விக்கு 'வேண்டாம்' என்றும் விடை வரலாம். வந்தால் நாளைக்குப் பார்க்க வேண்டியதுதான்.

அதற்குப் பிறகுதான், பட்டப்படிப்பில் தேர்வுக்காக மனப்பாடம் செய்த ஒன்று நினைவில் திரும்பியது. தொல்காப்பியப் பொருளதிகாரத்தில் ஆறாவது இயல் மெய்ப்பாட்டியல். உள்ளத்தில் நிகழ்வது உடலில் வெளிப்படுதலே மெய்ப்பாடு. நகை, அழுகை தொடங்கி உவகை ஈறாக எட்டு. ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைக்களன்கள். அச்சத்துக்கு அவர் சொல்லும் நான்கு: அணங்கு, விலங்கு, கள்வர், இறை. பேய்க்கும் புலிக்கும் திருடனுக்கும் அடுத்ததாக, தம்மை ஆள்பவரையும் அச்சத்தின் ஊற்றாக வைத்திருக்கிறார். மாணவப் பருவத்தில் அது எனக்கு வெறும் பட்டியல். சீருடையையும் கோப்பையும் கண்டவுடன் ஒடுங்கும் முதியவர்களைப் பார்த்த பின் அதன் பொருள் தெரிகிறது. அழுகைக்குச் சொன்ன நான்கில் ஒன்று அசைவு. முன்பிருந்த நிலை குலைந்து வேறாகிப்போனதால் வருந்துவது என்பதுபோல் உரைகாரர் அதற்குப் பொருள் கொள்வர். அகதி என்பதற்கு இதைவிட நல்ல வரைவிலக்கணத்தை நான் எந்தப் பாடநூலிலும் காணவில்லை.

பழைய நூலில் எல்லாம் இருக்கிறது என்று மார்தட்டுவதற்காக இதை எழுதவில்லை. அந்த நூல் செய்யுளுக்காக எழுந்தது, செவிலியருக்காக அன்று. ஆனால் மெய்ப்பாட்டைக் கண்டறிவதற்குக் கதை தேவையில்லை என்பது எனக்கு அங்கிருந்துதான் விளங்கியது. தோள் இறுகுவதையும், பார்வை கதவுக்குப் போவதையும், கை துணியைப் பற்றுவதையும் காணக் கண்ணிருந்தால் போதும். கண்டவுடன் நாம் நிறுத்தினால் போதும். ஏன் என்று அறிய வேண்டியதில்லை. பெல்டாங்கியில் வளர்ந்த பெண் செய்தது அதுதான்.

*

இப்போது என் வகுப்பு வேறு விதமாக நடக்கிறது. 'என்ன நடந்தது?' என்று கேட்பதை விலக்கியிருக்கிறோம். 'எது நடக்காமல் இருந்தால் நல்லது?' என்பதே கேள்வி. இரவில் விளக்கு எரியட்டுமா, அணையட்டுமா? கதவு திறந்திருக்கட்டுமா? தொடுவதற்கு முன் சொல்லட்டுமா, காட்டட்டுமா? தலையணை உறைக்குள் பாண் துண்டுகளை ஒளித்துவைப்பவரிடமிருந்து அதைப் பறிக்கக் கூடாது. மூடியுள்ள பிஸ்கற் ரின் ஒன்றைக் கட்டிலருகே வைத்து, அது ஒருபோதும் காலியாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தாமாகவே பேசத் தொடங்கினால் அமர்ந்து கேட்க வேண்டும். கேட்டதைக் கூடத்தில் பரப்பக் கூடாது. ஆழமான காயம் என்று தெரிந்தால் அதற்கென்றே பயின்றவர்கள் இருக்கிறார்கள். விக்டோரியாவில் ஃபவுண்டேஷன் ஹவுஸ் 1987இலும் நியூ சவுத் வேல்சில் ஸ்டார்ட்ஸ் 1988இலும் தொடங்கப்பட்டவை. சித்திரவதையிலிருந்தும் போரிலிருந்தும் மீண்டவர்களுக்காகவே இயங்குபவை.

மொழிபெயர்ப்பாளரைப் பற்றியும் ஒரு பாடம் சேர்த்திருக்கிறேன். பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்கக் கூடாது. பெற்றோர் மறைத்ததைப் பிள்ளை வாயால் சொல்லவைப்பது இரு தரப்புக்கும் கொடுமை. அதே சமூகத்து ஆளாக இருந்தால் போதும் என்பதும் மூடநம்பிக்கை. வந்திருப்பவர் எந்த ஊர், எந்தச் சாதி, எந்த இயக்கத்துக்கு வேண்டியவர் என்று முதியவர் மனதுக்குள் கணக்குப் போடுவார். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கதை பரவிவிடுமோ என்றும் அஞ்சுவார். 1973இல் தொடங்கிய அரசின் தொலைபேசி மொழிபெயர்ப்புச் சேவை, முகம் தெரியாத ஒருவரின் குரலை வேறொரு நகரத்திலிருந்து தரக்கூடியது. சில வேளைகளில் முகம் தெரியாமையே மரியாதை.

மாணவர்களையும் நான் மறக்கக் கூடாது என்று கற்றுக்கொண்டேன். முதியோர் இல்லங்களில் உழைப்பவர்களில் கணிசமானோர் நேபாளம், பிலிப்பைன்ஸ், இந்தியா, ஆப்பிரிக்க நாடுகள் என்று எங்கெங்கிருந்தோ வந்தவர்கள். அவர்களிலும் அகதிகள் உண்டு. கண்ணை மூடி அமர்ந்திருப்பவரின் மேலாடையை இன்னொருவர் பின்புறமிருந்து பேசாமல் கழற்றும் பயிற்சி ஒன்று எங்களிடம் உண்டு. அந்தத் திடுக்கிடலை ஒரு முறை உணர்ந்தவர் பின்னர் எவருக்கும் அவ்வாறு செய்யமாட்டார். முன்பெல்லாம் அதை எல்லோருக்கும் கட்டாயமாக்கியிருந்தேன். இப்போது முதலில் சொல்வது, 'வேண்டாம் என்பவர்கள் காரணம் சொல்லாமல் வெளியே போகலாம்' என்பதே.

நாட்டின் சட்டமும் மெல்ல வந்துசேர்ந்திருக்கிறது. முதியோர் பராமரிப்பை விசாரிக்க 2018இல் அமைக்கப்பட்ட அரச ஆணைக்குழு, 2021இல் தன் இறுதி அறிக்கையைத் தந்தது. புதிய முதியோர் பராமரிப்புச் சட்டம் 2025 நவம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. மனவடுவை உணர்ந்த, பண்பாட்டுக்குப் பொருந்திய பராமரிப்பு என்பது அதில் உரிமையாகவே எழுதப்பட்டிருக்கிறது. நாளொன்றுக்கு ஒருவருக்குச் சராசரியாக 215 நிமிடப் பராமரிப்பு வழங்கப்பட வேண்டும் என்பதும் 2024 ஒக்டோபர் முதல் இல்லங்களுக்குரிய விதி. மகிழ்ச்சிதான். ஆனால் குறுக்குக்கட்டோடு ஒரு மூதாட்டியைக் குளிக்கவைக்க நாற்பது நிமிடம் ஆகும். பணிப்பட்டியலில் ஒரு குளியலுக்குப் பத்து நிமிடம்கூட ஒதுக்காத இல்லங்களை நான் பார்த்திருக்கிறேன். சட்டத்துக்கும் வாளிக்கும் இடையிலுள்ள அந்த முப்பது நிமிடத்துக்காகத்தான் இனிப் போராட வேண்டும்.

இதைப் படிக்கும் நண்பர்களில் வெளிநாடுகளில் பெற்றோரோடு வாழ்பவர்கள் பலர் இருப்பீர்கள். ஒரு வேண்டுகோள். அவர்களின் துன்பக் கதையை எழுதிவைக்க வேண்டாம், அவர்களாக விரும்பினாலன்றி. எவ்வாறு குளிப்பார்கள், எந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பார்கள், எந்த ஒலிக்கு அஞ்சுவார்கள், வெள்ளிக்கிழமையில் எதை உண்ணமாட்டார்கள் என்று ஒரு தாள் எழுதிவையுங்கள். நாளை அவர்கள் தம் வாயால் சொல்ல இயலாத நிலை வரும்போது, முன்பின் தெரியாத ஒரு பணியாளரின் கையில் அந்தத் தாள் இருக்க வேண்டும்.

*

மூதாட்டியின் மகள் நான்காம் ஞாயிறு வந்தார். தாயும் மகளும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டார்களா என்று நான் விசாரிக்கவில்லை. இருவரும் சேர்ந்து மீன் குழம்பு உண்டதை மட்டும் பார்த்தேன்.

பல மாதங்களுக்குப் பின் ஒரு மாலை, மூதாட்டியோடு தனியே அமர்ந்திருந்தேன். என் கையில் தேநீர் இருந்தது.

"பிள்ளை எந்த ஊர்?" என்று கேட்டார்.

சொன்னேன்.

"அப்ப தொண்ணூற்றைஞ்சில நீங்களும் நடந்தனீங்களோ?"

1995 ஒக்டோபர் 30 அன்று இரவு, மழையில், நாவற்குழி வழியாகத் தென்மராட்சிக்கு நடந்த சனத்தில் நானும் இருந்தேன். பதினாறு வயது. ஒரு கையில் பை, மறு கையில் அம்மம்மாவின் கை. "ஓம்" என்றேன்.

அடுத்த கேள்வி என்ன என்று எனக்குத் தெரியும். எங்கள் ஊரில் யாரும் கேட்கும் கேள்விதான்: ஆரோடை போனனீங்கள், எல்லாரும் வந்து சேர்ந்தவையோ. இருபத்திரண்டு ஆண்டுகளாக நான் அதற்கு முழு விடை சொன்னதில்லை. அவர் வாய் திறந்தார். பிறகு என் கையைப் பார்த்தார். கோப்பை சற்று ஆடிக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

"தேத்தண்ணி ஆறுது. குடியும்" என்றார்.